இரத்தம் வளர்க்கும் புரதங்கள்: உரிமை யாருக்கு?

இரத்தத்தின் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய அனைத்தும் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரே வகைக் குருத்தணுக்களில் இருந்தே, அதாவது ஸ்டெம் செல்களில் இருந்தே, உருவாகின்றன. இவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதற்கு, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களைத் தொடர்ந்து ஊட்ட வேண்டியிருந்தது. மரபணுப் பொறியியல் மூலம் தயாரிக்கப்படும் இந்தப் புரதங்கள் யாருடைய சொத்து என்ற கேள்வி, பல ஆண்டுகளாக நீதிமன்றங்களையும் ஆக்கிரமித்து வந்துள்ளது.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் புரதத்தின் கதை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் கோல்ட்வாசர், 1950களின் நடுப்பகுதியில் இதனைத் தேடத் தொடங்கினார். ஆய்வுக்கு அமெரிக்க அரசு நிதி வழங்கியது. ஜப்பானில் கடும் இரத்தசோகை நோயாளிகளிடம் இருந்து சேகரிக்கப்பட்ட 2,550 லிட்டர் சிறுநீரில் இருந்து, 1977ஆம் ஆண்டில் அவரது குழு அதனைத் தூய வடிவில் பிரித்தெடுத்தது. கிடைத்தது சில மில்லிகிராம்கள் மட்டுமே. அதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை.

கோல்ட்வாசரின் ஒத்துழைப்பைப் பெற்ற கலிபோர்னியாவின் ஆம்ஜென் நிறுவனம், 1983இல் அப்புரதத்துக்கான மரபணுவைப் பிரித்தெடுத்து, பின்னர் காப்புரிமையும் பெற்றது. 1989இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதிக்கப்பட்டது. சிறுநீரைக் கொடுத்த நோயாளிகளுக்கோ, ஆய்வுக்குப் பணம் கொடுத்த வரி செலுத்துவோருக்கோ அந்த உரிமையில் பங்கு இருக்கவில்லை. எனினும், தொழில்துறை உற்பத்தி இல்லாதிருந்தால் சிறுநீரக நோயாளிகளுக்கு இம்மருந்து கிட்டியிராது என்பதையும் மறுப்பதற்கில்லை.

மனித உயிரணுவிலேயே உள்ள மரபணுவைத் தூண்டி இதே புரதத்தைத் தயாரித்த டிகேடி என்ற நிறுவனம், ஆம்ஜெனின் காப்புரிமையை மீறியதாக 2001இல் பாஸ்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீறல் இல்லை என்று 2004இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை கூறியது. காப்புரிமை என்பது விஞ்ஞான உண்மையல்ல, அது ஓர் அரசியல் ஏற்பாடு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

குருத்தணுக்களை மஜ்ஜையில் இருந்து இரத்த ஓட்டத்துக்கு வரவழைக்கும் ஃபில்கிராஸ்டிம் விஷயத்திலும் இதுவே நடந்தது. ஆம்ஜெனின் மருந்து 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு நிகரான மாற்று மருந்துகளை ஐரோப்பா 2008இல் அனுமதித்தது. அமெரிக்கா 2015 வரை காத்திருந்தது. இந்தியாவிலோ டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2001ஆம் ஆண்டிலேயே தனது தயாரிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. மருந்துப் பொருட்களுக்கே காப்புரிமை வழங்கும் முறை அங்கு 2005இல்தான் நடைமுறைக்கு வந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கடுமையான ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவரின் குருத்தணுக்களில் மரபணுவைச் செலுத்தி மீண்டும் உடலில் சேர்த்த சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாகின. கண்காணிப்புக் காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. இத்தகைய சிகிச்சைகளில் உடலுக்கு வெளியே எடுக்கப்படும் உயிரணுக்களைப் பேணுவதற்குப் பொதுவாக இந்தப் புரதங்களே பயன்படுகின்றன. சிகிச்சை பரவலாக வேண்டுமானால், அவற்றின் விலையும் கணக்கில் வந்தாக வேண்டும்.

இதற்கிடையே, வளர்ச்சிக் காரணிகளே இல்லாமல், வேதிப்பொருட்களையும் பாலிமரையும் கொண்டு மனிதக் குருத்தணுக்களைப் பெருக்க முடியும் என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு 2023இல் நேச்சர் சஞ்சிகையில் அறிவித்தது. புரதங்களை விட வேதிப்பொருட்களைத் தயாரிப்பது பொதுவாக எளிது. ஆனால் அவற்றுக்கும் காப்புரிமை பெற முடியும்.