பெரும் பேத்தையும் நத்தைத் தொட்டியும்

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் பெருகியது முதல் படப்பையில் வாடகைக் குடித்தனங்களும் பெருகிவிட்டன. வேலை முடிந்து வீடு திரும்புவோருள் பொழுதுபோக்காகக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போரும் உண்டு. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர்போன கொளத்தூர் சென்னையிலேயே இருப்பதால், வேண்டிய மீனை வாங்குவது பெரிய காரியமன்று. இவர்களுள் சிலருக்கு நன்னீரில் வாழும் பெரும் பேத்தையின்மேல் ஆசை விழுகின்றது. வளர்ப்பவரைக் கண்டதும் கண்ணாடியருகே வந்து, இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டிப் பார்க்கும் மீன் அது. ஆசை கொள்வதில் குற்றமில்லை. ஆயின் வீட்டுத் தொட்டியில் இம்மீன் மெலிந்து மடியுமிடத்து, வியாதியைத் தேடுமுன் அதன் வாயைப் பார்த்தல் வேண்டும்.

பேத்தைக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பற்கள் இணைந்து கிளிமூக்குப்போல் அமைந்துள்ளன. நான்கு பற்கள் என்று பொருள்படும் டெட்ரடோன் என்னும் சாஸ்திரப் பெயர் இதனாலேயே வந்தது. இப்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆற்றில் நத்தை, நண்டு, மட்டி இவற்றின் ஓட்டை நாள்தோறும் உடைத்துத் தின்பதால் வளர்ந்த பல் வளர்ந்தபடியே தேய்ந்துவிடும். தொட்டியிலோ ஓடு நீக்கிய இறாலும் குளிர்ப்பெட்டியில் வைத்த மீன் துண்டுமே கிடைக்கின்றன. சில மாதங்களில் பல் நீண்டு வாயை அடைக்கிறது. எதிரே இரை கிடந்தும் மீன் பட்டினி கிடக்கிறது. வளர்ந்த பல்லை வெட்டிவிடும் வழக்கமும் உண்டு. மீனை மயக்கி, நீரைவிட்டுத் தூக்கிச் செய்ய வேண்டிய அவ்வேலை கால்நடை வைத்தியர் செய்யத்தக்கதே. வீட்டில் கத்தரிக்கோலுடன் முயல்வது கொலைக்கு ஒப்பாகும்.

ஆகையால் பேத்தை வாங்க விரும்புவோர் மீனுக்கு முன்னரே நத்தைக்குத் தொட்டி வைத்தல் அவசியம். படப்பை, மணிமங்கலம் பக்கத்து ஏரிக்கால்களிலும் நெல் வயல்களிலும் மழைக்காலத்தில் நத்தைக்குப் பஞ்சமில்லை. வரப்பைத் துளைத்து ஜலத்தை வீணாக்கும் நண்டுகளும் அப்படியே. ஆனால் அள்ளியவுடனே மீனுக்கு இடுதல் கூடாது. பூச்சிமருந்து தெளித்த வயலின் நத்தை தன் உடம்பில் அம்மருந்தைத் தாங்கி வரக்கூடும். குட்டைகளில் வாழும் சில நத்தை வகைகள் மாடுகளுக்குக் கல்லீரல் புழுவை உண்டாக்குவதைக் குடியானவர்கள் அறிவார்கள். அத்தகைய புழுக்கள் பலவற்றுக்கு நத்தையே வளர்ப்புத் தாய். ஆகவே மருந்தடிக்காத இடத்து நத்தைகளைத் தேர்ந்து, நிழலிலுள்ள சிமெண்டுத் தொட்டியில் நான்கு வாரமாவது தனியே வைத்திருந்து, செத்தவற்றை அன்றன்றே எறிந்துவிட வேண்டும். கீரைத்தண்டு, வெள்ளரித்தோல், பப்பாளி இலை இவை அவற்றுக்குப் போதும். ஓடு உறுதிப்படச் சிறிது கிளிஞ்சலையோ முட்டையோட்டையோ நொறுக்கிப் போடலாம். பெரிய ஏரி நத்தை கோடையில் சேற்றில் புதைந்து உறங்கும் சுபாவமுடையது; சிறு நத்தைகளோ தொட்டியிலேயே வருஷம் முழுவதும் பெருகும். குட்டி மீனுக்குச் சிறு நத்தையும், வளர்ந்ததற்குப் பெரிய நத்தையும் நண்டும் ஏற்றவை. நசுக்கிப் போடுவதில் பயனில்லை. உடைக்கும் வேலையை மீனே செய்தல் வேண்டும். இறாலையும் மட்டியையுமே இடைவிடாது கொடுப்பதும் நன்றன்று. தயமின் என்னும் ஜீவசத்தை அழிக்கும் பொருள் அவற்றில் உண்டு.

இடத்தைப்பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் இரண்டு அங்குலக் குட்டியாகக் காண்பது, நைல் நதிக்குரிய பகாகா வகையானால் 17 அங்குலமும், காங்கோ நதியின் எம்பு வகையானால் 26 அங்குலமும் வளரக்கூடியது. இதைச் சொல்லி விற்கும் வியாபாரிகள் அருமை. பகாகா ஒன்றுக்கு 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியாவது வேண்டும். அதில் கொள்ளும் ஜலம் மட்டும் ஏறக்குறைய 565 லிட்டர். அதாவது அரை டன்னுக்கு மேற்பட்ட பாரம். மாடிக் குடித்தனத்தில் இதை வைக்குமுன் வீட்டுக்காரரைக் கேட்பது உத்தமம். எம்புவுக்கோ கண்ணாடித் தொட்டியே தகாது. முற்றத்தில் கட்டிய பெரிய சிமெண்டுத் தொட்டி உடையவர் தவிர மற்றவர் அதை நினையாதிருத்தல் நலம். பகாகா தன்னினத்தையும் பிறவினத்தையும் கடித்துக் குதறுமாதலால் அதைத் தனியே வைத்தல் வேண்டும்.

பேத்தைக்குச் செதில் இல்லை, இரையைச் சிதறித் தின்னும், கழிவும் மிகுதி. கழிவினின்று எழும் அம்மோனியா அதற்குப் பெருநஞ்சு. வயலில் எருவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் இனமே தொட்டியின் வடிகட்டியிலும் வேலை செய்கிறது. அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதற்குள் மீனை விடலாகாது. பிறகும் வாரந்தோறும் பாதி ஜலத்தை மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய் ஜலத்தை அப்படியே ஊற்றாமல், ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்து ஊற்றுக. கழித்த ஜலத்தை வாழைக்கும் கத்தரிக்கும் பாய்ச்சலாம், வீணாக்க வேண்டா. செப்புச் சத்துள்ள மருந்துகளை இம்மீன் தாங்காது.

வளர்க்க இயலாதபோது மணிமங்கலம் ஏரியிலோ அடையாற்றின் கால்வாயிலோ கொண்டுபோய் விடுவதே யாவற்றினும் தீயது. கண்ணாடித் தொட்டிகளினின்று வெளியேறிய தென்னமெரிக்கக் கெளிற்று மீன் சென்னைப் பக்கத்து நீர்நிலைகளில் பரவிவிட்டதைச் செம்படவர்கள் வலையில் கண்டு வருகின்றனர். பேத்தையிலோ இன்னோர் அபாயமும் உண்டு. இவ்வினத்தில் பலவற்றின் உடலில் கொடிய நஞ்சு இருக்கின்றது. வேகவைப்பதால் அது கெடுவதில்லை. 2008-ஆம் ஆண்டில் வங்காளதேசத்தில் பேத்தையைச் சமைத்துண்டு பலர் மாண்டனர். ஏரியில் கிடைத்ததைக் குழம்பு வைப்பது நம் கிராமங்களில் இயல்பு. முன்பின் கண்டிராத மீனாயினும் சட்டிக்குப் போகாது என்பதற்கு என்ன நிச்சயம்?

வைத்திருக்க முடியாதவர் விற்ற கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது பெரிய தொட்டியுடைய வேறொருவரிடம் ஒப்புவிக்கலாம். கொண்டுபோகும்போது வலையால் தூக்காமல், ஜலத்துக்குள்ளேயே வாயகன்ற பாத்திரத்தில் மீனைப் புகவிட்டு ஜலத்துடன் எடுத்தல் வேண்டும். வெளியே தூக்கினால் அஞ்சிக் காற்றை விழுங்கி ஊதிக்கொள்ளும். விழுங்கிய காற்றை வெளியேற்ற முடியாமல் மிதந்தே சாவதும் உண்டு.