ஓர் ஊதியமும் ஈரரசும்

வருமானத்தின்மேல் வரி விதிக்கும் உரிமை இந்தியாவில் நடுவணரசின் கையில் உள்ளது. வேளாண் வருமானம் ஒன்றே மாநிலங்களுக்கு விடப்பட்டிருக்கின்றது. ஆகவே, ஓசூரிற் குடியிருந்து பெங்களூரில் வேலை பார்ப்பவர்க்கு எந்த மாநிலத்திற்கு வருமான வரி கட்டுவது என்னும் கேள்வியே எழுவதில்லை. அமெரிக்க ஒன்றிய நாடுகளிலோ, நடுவணரசு தன் வரியைப் பெற்றுக்கொண்ட பின்னும், தெக்சாசு, புளோரிடா போன்ற சில நீங்கலாக, மாநிலங்கள் தாமும் தனித்தனியே வரி விதிக்கின்றன. நியூசெர்சியின் எடிசனிற் குடியிருந்து, தொடர்வண்டியேறி நியூயார்க்கிற்குச் சென்று உழைக்கும் நம் தமிழர்க்கு இஃது ஆண்டுதோறும் வரும் தலைவலி.

உழைத்த மாநிலம், தன் எல்லைக்குள் ஈட்டிய ஊதியத்திற்கு வரி கேட்கும். குடியிருக்கும் மாநிலம், எங்கே ஈட்டியதாயினும் முழு வருமானத்தையும் கணக்கிற் கொள்ளும். ஆயினும், மற்ற மாநிலத்திற்குக் கட்டியதைக் கழித்துக்கொள்ள இடந்தரும். எனவே படிவங்கள் இரண்டு. நியூயார்க்கின் அயற்குடியினர் படிவத்தை முதலில் முடித்தல் வேண்டும். அதன் விடை தெரிந்தாலன்றி, நியூசெர்சிப் படிவத்தில் கழிவைக் கணக்கிட இயலாது. ஓர் ஊதியத்திற்கு நியூயார்க்கு வரி 6,000 தாலர், நியூசெர்சி வரி 4,000 தாலர் என வைத்துக்கொள்வோம். கழிவு 4,000 தாலர் மட்டுமே. எஞ்சிய 2,000 தாலரை எவரும் திருப்பித் தரார்.

இதனையேனும் பொறுக்கலாம். பொறுக்கவொண்ணாதது நியூயார்க்கின் மற்றொரு நெறி. பணியாளர் தம் ஏந்துக்காக (வசதிக்காக) வெளிமாநிலத்துத் தம் வீட்டிலிருந்தே வேலை செய்தாலும், அந்த நாள்களையும் நியூயார்க்கில் உழைத்த நாள்களாகவே அது கணக்கிடும். வேலை கொடுத்தவரின் இன்றியமையாத் தேவைக்காகச் செய்ததென்று காட்டினால்தான் விலக்கு. எல்லைக்குள் கால் வைக்காதவனிடம் எல்லைவரி கேட்பதற்கு ஒப்பானது இது!

கனெக்டிகட்டில் வாழும் சட்டப் பேராசிரியர் எட்வர்டு செலின்சுகி இதனை எதிர்த்து வழக்காடினார். கிழமையிற் சில நாள் நியூயார்க்கிற் கற்பித்தும், பிற நாள்களில் வீட்டிலிருந்தே எழுதியும் வந்த தமக்கு இருமுறை வரி விழுகின்றதென்பது அவர் முறையீடு. 2003-இல் நியூயார்க்கின் மேன்மன்றம் அம்மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 2004-இல் அமெரிக்க உச்ச நயன்மன்றம் அவர் முறையீட்டை ஏற்க மறுத்தது. சட்டம் கற்பிப்பவர்க்கே இந்நிலையென்றால், கணினிமுன் அமர்ந்து மாத ஊதியம் பெறுபவர் என் செய்வார்?

2020-இல் பெருந்தொற்றால் இலக்கக் கணக்கானோர் வீட்டிலேயே அடைபட்டபோது, மாசச்சூசெட்சும் இத்தகைய நெறியைத் தற்காலிகமாகக் கைக்கொண்டது. ஊதியத்திற்கு வரியே விதிக்காத நியூஆம்சயர் நேரே உச்ச நயன்மன்றம் ஏறியது. 2021 சூனில் அவ்வழக்கும் ஏற்கப்படவில்லை.

தீர்வில்லாத சிக்கலா இது? இல்லை. அதே நியூசெர்சி, மறுபுறம் பென்சில்வேனியாவுடன் 1977-இலேயே உடன்படிக்கை செய்துகொண்டது. ஒன்றிற் குடியிருந்து மற்றொன்றில் உழைப்பவர் தம் ஊதியத்திற்குக் குடியிருக்கும் மாநிலத்திற்கு மட்டும் வரி கட்டினாற் போதும். வேலை கொடுத்தவரிடம் ஓர் உறுதித்தாள் தந்தால் பிடித்தமும் நிற்கும். (பிலடெல்பியா நகரின் ஊதிய வரிக்கு இது பொருந்தாது; தனித்தொழில் வருவாய்க்கும் பொருந்தாது.) 2016-இல் ஆளுநர் கிறித்தி இதனை முறிக்க முனைந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கினார்.

நியூயார்க்கு அத்தகைய உடன்படிக்கைக்கு வருவதாயில்லை; இழப்பதற்கு அதற்கு நிறைய உண்டு. எனவே 2023-இல் நியூசெர்சி, இந்நெறியுள்ள மாநிலத்தார்மேல் அதே நெறியைத் திருப்பி ஏவிற்று. அதனோடு, பிற மாநிலத்தின் வரியை எதிர்த்து வழக்காடி வெல்லும் தன் குடிகளுக்கு வரிச்சலுகையும் அறிவித்தது. ஈரரசுகள் எதிரெதிரே அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டியதை, ஊதியக்காரர் ஒருவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு வழக்காடித் தீர்க்குமாறு விட்டிருக்கின்றார்கள்.