கண்ணை நோக்காதவன் கள்வனா?

நீதிமன்றத்திலே சாட்சி கூறுபவன் நீதிபதியின் முகத்தை நேரே நோக்கிப் பேசினால் உண்மை உரைக்கின்றான் என்றும், நிலத்தை நோக்கிப் பேசினால் பொய் உரைக்கின்றான் என்றும் கொள்ளும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அந்த வழக்கத்தைத் துணையாகக் கொண்டு வழக்கு வென்றவர்களுள் யானும் ஒருவன். வெட்கத்துடனேயே இதனை எழுதுகின்றேன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வேலி வழக்கு. எதிர்த்தரப்புச் சாட்சியாக ஒரு கமக்காரர் கூண்டில் ஏறினார். அவர் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. குரலிலே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆயினும், வேலியில் நின்ற கதியால்களை ஒன்றுவிடாது எண்ணிக் கூறினார். "ஆகாயத்தில் நின்றா வேலியைப் பார்த்தீர்?" என்று யான் ஏளனமாகக் கேட்டேன். "இல்லை ஐயா, கிழக்குப் படலையடியில் நின்று பார்த்தேன்" என்று அவர் அமைதியாக விடையளித்தார். மன்றமே நகைத்தது. நகைப்பின் காரணம் அவருக்கு விளங்கவில்லை. அவர் கூற்று நம்பத்தக்கதன்று என வாதிட்டேன், வென்றேன். சில மாதங்களின் பின் அவ்வழியே சென்றபோது கதியால்களை எண்ணிப் பார்த்தேன். அவர் கூறிய தொகையில் ஒன்றேனும் பிழைக்கவில்லை.

அம்மனிதரின் நிலை இன்னதென்று தீர்ப்புக் கூற யான் வைத்தியன் அல்லன். ஆனால், அஸ்பேர்ஜர் நிலையைப் பற்றிப் பின்னாளிற் கற்றபோது அவர் முகமே என் கண்முன் வந்து நின்றது.

1944 இல் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹான்ஸ் அஸ்பேர்ஜர், நான்கு சிறுவரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 1981 இல் ஆங்கில நாட்டு வைத்தியர் லோர்னா விங் அம்மையார் அவர் பெயராலேயே இந்நிலையை உலகறியச் செய்தார். இவர்களுக்கு அறிவிலே குறைவில்லை. பேச்சுக் காலந்தாழ்த்தி வருவதுமில்லை. ஆனால், வாயாற் பேசும் மொழியோடு முகக்குறிப்பு, கண்சாடை, தொனி என்னும் பேசா மொழி ஒன்றும் ஊரிலே வழங்குகின்றதன்றோ? ஏனையோர் தாமாகவே கற்றுக்கொள்ளும் அம்மொழியை இவர்கள் அரும்பாடுபட்டே கற்கவேண்டியிருக்கின்றது.

சமுதாயம் இவர்கள்மீது சுமத்தும் குற்றங்கள் யாவை? ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, அகந்தை. பிள்ளை பிற பிள்ளைகளோடு சேராது தனித்து நிற்கின்றான். சேர விரும்பாமையால் அன்று. சேரும் வழி தெரியாமையாலேயே பல வேளைகளில் அவ்வாறு நிற்கின்றான். புகையிரதம், விண்மீன், தேசப்படம் எனத் தன் மனங்கவர்ந்த ஒன்றைப் பற்றி மட்டும் பெரியவர்போல் மணிக்கணக்கிற் பேசுவான். கேட்பவர் சலித்துவிட்டதை உணரான்.

இரண்டாவது, வாய்க்கொழுப்பு. "உனக்கு எத்தனை தரம் சொல்லுவது?" என்று ஆசிரியர் சினந்தால், "மூன்று தரம் சொன்னீர்கள்" என்பான். அவன் எதிர்த்துப் பேசவில்லை. கேட்ட கேள்விக்கு விடை கூறினான். அதற்குப் பரிசு பிரம்படியா?

மூன்றாவது, பிடிவாதம். வழக்கமான பாதை மாறினால், உண்ணும் கோப்பை மாறினால் கலங்குகின்றான். ஒலிபெருக்கி முழங்கும் திருவிழாவிலே காதைப் பொத்திக்கொண்டு கதறுகின்றான். நமக்கு ஒலியாக இருப்பது அவனுக்கு வேதனையாக இருக்கின்றது என்பதை யாரும் எண்ணுவதில்லை.

பெண்பிள்ளைகளோ பிறர் நடப்பதைக் கவனித்து அவ்வாறே நடந்து, தம் இடர்ப்பாட்டை மறைத்துவிடுவர். வீடு வந்து களைத்துச் சோர்வர். வளர்ந்தோர் பலர் திறமையிருந்தும் உத்தியோகத்தில் நிலைப்பதில்லை. கலியாண வீடு அவர்க்குச் சுமை. மனத்திற்பட்ட உண்மையை மறைக்கத் தெரியாமையால் பகை தேடிக்கொள்வர். தம் பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுசென்ற பின்னரே தம்மையும் அறிந்துகொண்ட தந்தையரும் தாய்மாரும் உளர்.

கரி மக்கினன் என்ற பிரித்தானியரின் வழக்கு உலகறிந்தது. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படைத்துறையினதும் நாசா நிறுவனத்தினதும் கணினிகளுள் அத்துமீறி நுழைந்தார் என்பது குற்றச்சாட்டு. பறக்குந் தட்டுகள் பற்றிய சான்றினைத் தேடியதாக அவர் கூறினார். 2008 இல், நாற்பது வயதைக் கடந்த பின்னரே, அவர் அஸ்பேர்ஜர் நிலையினர் என்பது கண்டறியப்பட்டது. அந்நிலையையும் அவருடைய மனச்சோர்வையும் உயிராபத்தையும் கருதி, 2012 ஒக்டோபரில் உள்நாட்டமைச்சர் திரேசா மே அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்க மறுத்தார். அவர் குற்றமற்றவர் என்பதன்று இதன் பொருள். மனிதனை அறிந்த பின்னரே அவனை என்செய்வது என்று முடிவுசெய்யவேண்டும் என்பதே பொருள்.

எனினும், அடையாளங்காண்பதிலும் அபாயமுண்டு. நாட்சி ஆட்சிக் காலத்தில், வியன்னாவின் ஸ்பீகல்குருண்ட் நிலையத்திலே ஏறத்தாழ 789 குழந்தைகள் மாண்டனர். அங்கே குழந்தைகளை அனுப்பியோருள் அஸ்பேர்ஜரும் ஒருவர் என்பதை 2018 இல் வெளியான ஆவண ஆராய்ச்சி காட்டிற்று. பயன்படுவோர், பயன்படாதோர் என்று பிள்ளைகளைத் தரம்பிரித்ததன் முடிவு அது. இன்று வைத்திய உலகம் அப்பெயரைத் தனி நோயாக வழங்குவதில்லை. 2013 இல் அமெரிக்க வகைப்பாடும், 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அதனை ஓட்டிசத்துள் அடக்கிவிட்டன.

ஆதலின், பெற்றோரே, ஆசிரியரே! அடையாளங்களை அறியுங்கள், ஆனால் ஒன்றைக் கண்டவுடன் பிள்ளைக்குப் பட்டஞ்சூட்டாதீர்கள். சிறு பராயத்திலே தொடங்கி, பல அடையாளங்கள் ஒருங்கே நிலைத்து, வாழ்வுக்கு இடையூறாக இருக்குமாயின், குழந்தை வைத்தியரிடமோ உளநல வைத்தியரிடமோ செல்லுங்கள். இது தாயின் வளர்ப்புப் பிழையன்று, தடுப்பூசியின் விளைவுமன்று. மருந்தால் மாற்றவேண்டிய நோயுமன்று. தெளிவான சொல், முன்னறிவித்த மாற்றம், அமைதியான இடம் ஆகியவை இவர்களுக்குப் பெருந்துணையாகும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. நீதியை அணுகும் உரிமையை அதன் 13 ஆம் உறுப்புரையும், கல்வி உரிமையை 24 ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. கையொப்பமிட்டது அரசு, நிறைவேற்றவேண்டிய இடங்களோ வகுப்பறையும் நீதிமன்றமும் நம் வீட்டு முற்றமுமாகும்.

விசாரணையின்றித் தண்டிப்பது அநீதி என்று மேடைதோறும் முழங்குகின்றோம். நம் பிள்ளைகளை விசாரணையின்றி நாள்தோறும் தண்டிக்கின்றோமே, அதற்கு என்ன பெயர்? அந்தக் கமக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையோ இன்னும் உங்கள் முன்னிலையிலேயே நிற்கின்றான். அவன் உங்கள் கண்ணைப் பாராதிருக்கலாம். நீங்கள் அவனைப் பாருங்கள்.