இரவல் வாயில் உரிமை பேச முடியாது



2024 யூலையில் புதுக்கடை உயர் நீதிமன்றம், 1,700 ரூபா நாட்சம்பள வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை என்றால் என்ன, அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கூட்டம் போட்டு விளக்கிய பிறகுதான் லயத்தில் பலருக்கும் விபரம் புரிந்தது. புதுக்கடையில் நடப்பதைப் பிரட்டுக்களத்தில் சொல்ல ஒலிபெருக்கி வேண்டும். அது நம்முடையதாக இருக்க வேண்டும்.

ஆனால் நிலைமை என்ன? சங்கத்தின் ஒலிபெருக்கி பழுதாகி மூலையில் தூசு படிந்து கிடக்கிறது. கூட்டத்தன்று தோட்டக் காரியாலயத்தில் ஒன்றை இரவல் கேட்கிறோம். இல்லாவிட்டால் தேர்தல் வேட்பாளர் தந்ததைத் தூக்கி வருகிறோம். துரை கொடுத்த பெட்டியில் துரையின் நிறை மோசடியை யார் பேசுவது? “ஓசிதானே” என்கிறவர்கள், அதன் விலையை மேடையில் நாம் விழுங்கும் வார்த்தைகளில் பார்க்கட்டும்.

வேறு சில தலைவர்கள், “புதிது வாங்குவோம், தலைக்கு இவ்வளவு தாருங்கள்” என்கிறார்கள். சம்பளத்தில் சந்தா பிடிபடுகிறது. அதற்கு மேலும் கேட்பதற்கு முன், பழையதைத் திறந்தாவது பார்த்தீர்களா?

திறந்து பார்ப்பது பெரிய வித்தையல்ல. முதலில் அம்பிளிபயரை மின்சாரத்திலிருந்து கழற்றுங்கள். ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஒரு டோர்ச் பட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ‘டக்’ என்று கேட்டால் உள்ளே கொயில் உயிரோடு இருக்கிறது. குழாய் ஸ்பீக்கரில் டிரான்ஸ்போமர் இருந்தால், அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

சத்தமே இல்லையா? கடதாசிக் கூம்புக்குப் போகும் பின்னல் வயர் அறுந்திருக்கலாம். அதே மாதிரி வளையும் பின்னல் வயரை ஈயம் வைத்துப் பிடியுங்கள். சாதாரண வயர் போட்டால் அதிர்ந்து அதிர்ந்து மீண்டும் அறும். கூம்பு கிழிந்திருந்தால், மெல்லிய டிஷ்யூ கடதாசியைத் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையால் இரு பக்கமும் ஒட்டி, ஓரிரவு காயவிடுங்கள். குழாய் ஸ்பீக்கர் என்றால் பின்மூடிக்குள் இருக்கும் டயபிரம் மட்டுமே போயிருக்கலாம். பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.

கூம்பை மெல்ல அமுக்கும்போது கரகரவென்று உரசினால் கொயில் கெட்டுவிட்டது. அதற்குக் கடைக்காரரிடம் முதலில் விலை கேளுங்கள். புதியதன் விலையை நெருங்கினால் விட்டுவிடுங்கள். சிறிய அம்பிளிபயரை முழுச் சத்தத்தில் அலறவிடுவதும் கொயிலை எரிக்கும். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் சங்கத்துப் பெட்டியைக் கொடுக்கும் தலைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய காலத்தில், மீனாட்சியம்மை தாமே இயற்றிய பாட்டுக்களைப் பாடிக் கூட்டம் சேர்த்தார். அந்தக் குரல் எந்தத் துரையிடமும் இரவல் வாங்கியதல்ல. அந்த வழியில் வந்த நாம், ஒரு துண்டு வயருக்காகக் காரியாலய வாசலில் நிற்கலாமா?

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குப் பழுதான பெட்டியையும் கொண்டு வாருங்கள். வேலை தெரிந்த இளைஞர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். வழக்குக்காகப் புதுக்கடை வருகிறவர், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உதிரிப்பாகம் வாங்கி வரட்டும். பற்றுச்சீட்டை எல்லோர் முன்பும் வாசியுங்கள், திருத்திய அதே ஒலிபெருக்கியில்.