விளையாட 120 ரூபாய், ஓட்டுப் பட்டியல் வேலைக்கு 33 ரூபாய்!

சென்னை மாநகராட்சியின் தீர்மானம் ஒன்றிலிருந்து ஓர் எண்ணையும், தேர்தல் கமிஷனின் உத்தரவிலிருந்து இன்னோர் எண்ணையும் எடுத்து வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதல் எண் 120. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைப்பது, விளையாட வருகிற ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க விடுவது என்று 2024 அக்டோபரில் மாமன்றம் தீர்மானம் போட்டது. இரண்டாவது எண் 33. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற பெரிய பட்டத்தைச் சுமந்து வீடு வீடாக ஏறி இறங்குகிறவருக்கு 2025 ஆகஸ்டில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 365 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 33 ரூபாய்கூட முழுசாகத் தேறாது. அதற்கு முன் பத்து வருஷமாக இதில் பாதிதான்: ஆண்டுக்கு 6,000.

மைதானத்துக்கும் ஓட்டுப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம் என்று சில புத்திமான்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் ரிப்பன் மாளிகையில் இருக்கிறது. மாநகராட்சிக் கமிஷனர்தான் சென்னை மாவட்டத்தின் தேர்தல் அதிகாரி. திடலின் சாவியும் அங்கேதான், ஓட்டுப் பட்டியலும் அங்கேதான். மக்களிடமிருந்து வாங்கும்போது அந்த மாளிகை என்ன கணக்குப் போடுகிறது, அதே மாளிகையின் மேற்பார்வையில் உழைக்கிறவருக்குக் கொடுக்கும்போது என்ன கணக்குப் போடப்படுகிறது என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

திடல் விஷயத்தை முதலில் பார்ப்போம். வியாசர்பாடியில் கால்பந்து எப்படி வளர்ந்தது என்று வடசென்னைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். செருப்பு இல்லாத கால், புழுதி பறக்கும் தரை, ஒரு பந்துக்கு இருபது பையன்கள். அங்கே யாரும் சீட்டுக் கிழித்து உள்ளே விடவில்லை. பிறகு பச்சைக் கம்பளம் வந்தது. சுற்றி இரும்பு வலை வந்தது. விளக்குக் கம்பம் வந்தது. எல்லாம் பொதுப்பணம். நாமும் சந்தோஷப்பட்டோம். நம் பிள்ளைகளுக்கும் நல்ல தரை கிடைக்கட்டுமே என்றுதான் நினைத்தோம். ஆனால் கம்பளம் விரித்த மறுகணமே “பராமரிப்பு” என்ற வார்த்தை முளைக்கிறது. பராமரிக்க ஆள் இல்லை என்கிறார்கள். ஆள் இல்லையென்றால் காண்டிராக்டர். காண்டிராக்டர் வந்தால் கட்டணம். வெறும் மண் தரையாக இருந்தவரை காசு கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மேலே ஒரு கட்டுமானத்தை நிறுத்தியதும் அதுவே வசூலுக்கு வாசற்படியாகி விடுகிறது. திடலுக்கு மட்டுமல்ல, பூங்காவுக்கும் இதே பாதைதான்.

ஒரு பக்கத்துக்கு ஐந்து பேராகப் பத்துப் பையன்கள் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். ஒரே பையன் தினம் ஒரு மணி நேரம் ஆட மாதம் 3,600 ரூபாய். மூட்டை தூக்குகிறவர் வீட்டிலிருந்தும், பாத்திரம் தேய்க்கிற அம்மா வீட்டிலிருந்தும் இந்தப் பணம் வருமா? வராது என்பது தீர்மானம் எழுதியவர்களுக்கும் தெரியும். அப்படியானால் ஆட வரப்போவது யார்? வாரக் கடைசியில் காரில் வந்து இறங்கும் ஆபீஸ் கோஷ்டிகள். வலைக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுவது நம் பிள்ளைகள்.

எதிர்ப்புக் கிளம்பியது. தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள். வாங்கியது சரிதான், பாராட்டுகிறோம். ஆனால் அப்படியொரு தீர்மானம் காரியாலயத்தில் எழுதப்பட்டு, மாமன்றத்துக்கு வந்து, நிறைவேறியும் விட்டதே! அந்த யோசனை நாளைக்கு வேறு பெயரில் வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்க இந்த மாநிலத்தில் 1959-லேயே ஒரு சட்டம் வந்தது. அதைக் காரியாலய அலமாரியிலிருந்து எடுத்து ஒரு தடவை படித்தாலே போதும்.

“பராமரிக்கப் பணத்துக்கு எங்கே போவது?” என்று கேட்கிறார்கள். 2022-இல் சொத்து வரியை உயர்த்தினீர்கள். பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை ஏறியது. 2024-இல் திடல் தீர்மானத்துக்குச் சற்று முன்னால்தான் மேலும் 6 சதவீதம் ஏற்றினீர்கள். வாடகைக்குக் குடியிருப்பவனும் வாடகை வழியாக அந்த வரியைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். ஒரு தடவை வரியாகக் கொடுத்தவனிடம் மறுபடி வாசலில் கை நீட்டுவது என்ன நியாயம்?

இனி 33 ரூபாய்க் கதை. 2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கியது. எங்கள் பகுதியில் படிவக் கட்டோடு வந்தவர் ஓர் அங்கன்வாடி ஊழியர். காலையில் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். பிற்பகல் மாடி மாடியாக ஏற வேண்டும். இரவில் செல்போனில் ஒவ்வொரு படிவமாக ஏற்ற வேண்டும். பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும் என்பது விதி. ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர் வரை. ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றால் ஒரு வாக்காளருக்கு வருஷத்துக்குப் பத்து ரூபாய்! டீக்கடையில் ஒரு டீக்குக்கூடப் போதாது. திருத்தக் காலத்துக்கென்று தனி ஊக்கத்தொகையாக 2,000 ரூபாய் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம். அதையும் கூட்டியே கணக்குப் பாருங்கள், கதை மாறாது.

இதற்கு “மதிப்பூதியம்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. ஆனால் தண்டனை மட்டும் ரொம்பக் கறாராக எழுதப்பட்டிருக்கிறது: 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி, கடமை தவறினால் மூன்று மாதத்துக்குக் குறையாத சிறை, இரண்டு வருஷம் வரை நீளலாம். வருவாய்த்துறை ஊழியர்கள் அந்த நவம்பர் 18-இல் வேலையைப் புறக்கணித்தது சும்மா அல்ல. டிசம்பர் 4-இல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு, கூடுதல் ஆட்களைப் போட்டு இவர்களுடைய சுமையைக் குறையுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

இந்த அவசரத்தின் விலையை ஊழியர் மட்டுமா கொடுக்கிறார்? டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் வேலை நின்று நிதானமாக நடக்காதபோது முதலில் தவறிப் போவது யாருடைய பெயர்? சொந்த பங்களாக்காரனுடையது அல்ல. வருஷத்துக்கொரு வாடகை வீடு மாறுகிறவன், நகரத்தின் நடுவிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் தூக்கி எறியப்பட்டவன், வீட்டில் ஆள் இல்லாதபடி கணவனும் மனைவியுமாக வேலைக்குப் போகிறவன், இவர்கள் பெயர்தான்.

மாநகராட்சியைக் கேட்டால் ஊதியத்தைக் கமிஷன் நிர்ணயிக்கிறது என்கிறது. உண்மைதான். ஆனால் தன் ஊழியரை அந்த வேலைக்கு அனுப்பும்போது வழக்கமான வேலையிலிருந்து விடுவிப்பது யார் கையில்? அவருடைய இடத்தில் மாற்று ஆள் போடுவது யார் கையில்? மேலே தேவையான நிதியைக் கேட்டுத் தீர்மானம் அனுப்ப எந்தக் கமிஷன் தடுத்தது? 2025 ஆகஸ்டில் இதே ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தபோதும் நள்ளிரவில் போலீஸ் வந்ததே தவிர நியாயம் வரவில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. 200 வார்டுகளிலும் எந்த மாநகராட்சித் திடலிலும் பூங்காவிலும் பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை என்று மாமன்றம் தீர்மானம் போடட்டும். தேர்தல் வேலைக்குப் போகும் மாநகராட்சி ஊழியருக்கு அந்த நாட்களில் வேறு வேலை இல்லை என்று எழுத்தில் உத்தரவு வரட்டும். அங்கன்வாடி ஊழியருக்கும் அதே விடுவிப்பு வேண்டுமென்று மாநில சர்க்காரிடம் மாமன்றம் கேட்கட்டும். வருஷத்துக்கு இவ்வளவு என்ற பிச்சைக் கணக்கு போய், வேலை செய்த நாளுக்கு நாட்கூலி என்று கமிஷன் நிர்ணயிக்கட்டும். 2024 அக்டோபரில் ஒன்பது திடல்களுக்கு ஒரே நாளில் தீர்மானம் போட முடிந்த மாமன்றத்துக்கு இதற்கும் பேனாவும் காகிதமும் கிடைக்கும்.