யாருடைய யுத்தம்? யாருடைய நினைவு?

யுத்தத்தில் நின்றவர்களை மறவோம் என்று ஆண்டுதோறும் நவம்பரில் சூளுரைக்கிறார்கள். மறக்கலாகாது என்றே நாமும் சொல்கிறோம். ஆனால், மலையகத்தில் யாரை நினைக்கிறோம், யாரைக் கைவிட்டோம் என்பதைக் கேட்டே தீரவேண்டும்.

இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப்படை 1900இல் தோன்றியது. ஐரோப்பியத் துரைமாரே அதன் வீரர்கள். 1914 அக்டோபரில் அதன் பிரிவொன்று எகிப்துக்குக் கப்பலேறியது. கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வூட்டுக்குக் காவல் நின்றது. அந்தக் கதை ஏடேறிவிட்டது. மாண்ட இளைஞர்களை நாம் பழிக்கவில்லை. துரை போர்முனைக்குப் போன நாட்களில் கொழுந்து தானாகவே கூடைக்குள் வந்து விழுந்ததா என்றுதான் கேட்கிறோம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டனின் உணவு அமைச்சு இலங்கைத் தேயிலையை மொத்தமாக வாங்கியது. சிப்பாய்க்கும் லண்டன் தொழிலாளிக்கும் அந்தத் தேநீரைத் தந்தவர்கள், ஹட்டன், நுவரெலியா மலைகளில் பனியிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த பெண்கள். 1942இல் பர்மா வீழ்ந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. லயத்து அடுப்பில் கோதுமைமா ரொட்டி ஏறியது. அதற்கு முன்பே, 1940 ஜனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். அதுவும் யுத்த காலந்தான். அந்த உயிர் எந்த நவம்பர் மாலையில் சேர்ந்தது?

இந்த அநீதி நம் மலைக்கு மட்டும் உரியதன்று. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேசநாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு, அதே சயாம்–பர்மா ரயில்பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய வரிசை இல்லை.

கிழவர்களின் பேச்சு சரித்திரமாகுமா, ஆவணம் எங்கே என்று சில பண்டிதர்கள் கேட்கிறார்கள். ஆவணத்தை எழுதிய பேனா யார் கையில் இருந்தது? துரையின் நாட்குறிப்பு ஆதாரமாகும்போது, பெரட்டுக்களத்தில் நின்றவளின் வாய்மொழி மட்டும் வம்புப்பேச்சாகிவிடுமா? நினைவு பிசகக்கூடும், நாட்குறிப்பும் பிசகக்கூடும். இரண்டையும் ஒப்புநோக்கி உண்மையைத் தேர்வதே ஆராய்ச்சி.

காலமோ காத்திருக்கவில்லை. 1942இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். யுத்தம் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்ப்பெழுதியது. சாட்சிகளில் ஒரு பகுதியினர் நீலகிரிக்கும் பிற மாவட்டங்களுக்கும் சிதறினர். உரிமையைப் பறித்த கை, நினைவையும் கலைத்துப் போட்டது.

மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை, அரசு உத்தரவுக்குக் காத்திராமல் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்தார். அந்த வழி நம்முன் இருக்கிறது.

ஆசிரியர்களே, மாணவர்களே! லயத்துத் திண்ணையில் இருக்கும் முதியவரிடம் செல்லுங்கள். யுத்த காலத்தில் என்ன உண்டார்கள், என்ன கூலி பெற்றார்கள், யார் எதிர்த்து நின்றார்கள் என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் கேட்ட நாளையும் குறியுங்கள். அவர் இசைந்தால் குரலையும் பதியுங்கள். பிரதியொன்றை அவர் வீட்டிலும் மற்றொன்றைப் பாடசாலை நூலகத்திலும் வையுங்கள். அடுத்த நவம்பருக்குள் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் அத்தகைய ஏடு ஒன்றேனும் இருக்கட்டும்.