குறிப்பேட்டின் ஒழுங்கு எவருடையது?

விஞ்ஞானிகளின் கருவிகளைப் பற்றி எழுதுவோர் தொலைநோக்கியையும் நுண்ணோக்கியையும் தராசையும் புகழ்வர், குறிப்பேட்டை மறந்துவிடுவர். ஆயினும் ஆராய்ச்சியாளர் நாள்தோறும் தவறாது கையாளும் கருவி அதுவே. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பாரடே இளமையில் புத்தகம் கட்டும் தொழிலைப் பயின்றவர். ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளை அவர் நூலாகக் கட்டி, 1812-ஆம் ஆண்டில் டேவிக்கே அனுப்பிவைத்தார். பின்னர், 1832-ஆம் ஆண்டு முதல், தமது ஆய்வுக்கூட நாட்குறிப்பின் பத்திகளுக்குத் தொடர் எண் இட்டு வரலானார். அவ்வெண் பதினாறாயிரத்தைக் கடந்து சென்றது. இதனால், ஒரு பரிசோதனையைப் பற்றி எழுதும்பொழுது, பல்லாண்டுகளுக்கு முன் எழுதிய மற்றொன்றை ஓர் எண்ணால் சுட்டுவது எளிதாயிற்று. இந்த ஏற்பாட்டை அவருக்கு எவரும் விற்கவில்லை. தம் வேலையின் தேவையை அறிந்து அவரே வகுத்துக்கொண்டார்.

இக்காலத்தில் குறிப்பேடு கணிப்பொறிக்குள்ளும் கைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. செய்ய வேண்டிய வேலைகள், படித்த கட்டுரைகளின் சாரம், கூட்டங்களில் முடிவானவை, திடீரெனத் தோன்றிய எண்ணம் ஆகிய யாவும் ஏதேனும் ஒரு செயலியில் பதிவாகின்றன. இச்செயலிகள் எளிமையானவை, பார்வைக்கு அழகானவை, பலருக்குப் பயனுள்ளவை. ஆனால் அவற்றில் குறிப்பின் ஒழுங்கை வகுப்பவர் குறிப்பை எழுதுபவர் அல்லர். எத்தனை தலைப்புகள் இருக்கலாம், வேலைகளை எவ்வாறு வகைப்படுத்தலாம், பழைய குறிப்பை எவ்வழியில் தேடலாம் என்பவற்றை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறது. உபயோகிப்பவர் தம் வேலையை அந்த அச்சுக்குள் அடக்கிக்கொள்ள நேரிடுகிறது.

அந்நிறுவனத்தின் முடிவு மாறினால் ஏற்பாடு முழுவதும் மாறிவிடும் என்பதும் கருதத்தக்கது. வேலைப் பட்டியல்களை வைத்துக்கொள்ளப் பலரும் உபயோகித்த ‘வுண்டர்லிஸ்ட்’ என்னும் சேவையை 2015-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வாங்கிற்று. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சேவை நிறுத்தப்பட்டது. பட்டியல்களை வேறோர் இடத்திற்கு மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது உண்மையே. எனினும், பழகிப்போன ஒழுங்கைக் கைவிட்டுப் புதியதொன்றைப் பயில வேண்டிய கட்டாயம், அதை விரும்பாதவர் மீதும் சுமத்தப்பட்டது. கடைச் சாமான்களின் பட்டியலுக்கு இவ்வாறு நேர்ந்தால் பெரிய நஷ்டம் இல்லை. பத்தாண்டு ஆராய்ச்சியின் குறிப்புகளுக்கு நேர்ந்தால் அதை அற்பமென்று ஒதுக்க முடியாது.

சாதாரண எழுத்தின் வலிமை

இதற்கு மாற்றாக ஒரு வழி உண்டு. அது பழைய வழி. ஆயினும் பலரால் கவனிக்கப்படாத வழி. குறிப்புகளை அலங்காரம் ஏதுமற்ற சாதாரண எழுத்துக் கோப்புகளாக வைத்துக்கொண்டு, அவற்றைக் கையாளும் கருவியை மட்டும் தம் தேவைக்கேற்பப் பண்படுத்திக்கொள்வதே அவ்வழி. ‘டெக்ஸ்ட் எடிட்டர்’ என்று வழங்கும் உரைத்தொகுப்பிகள் இதற்கு உதவுகின்றன. கடிதங்களையும் அறிக்கைகளையும் அழகுபடுத்தும் சொற்செயலிகள் வேறு. எழுத்துகளை உள்ளபடியே எழுதவும் திருத்தவும் தேடவும் உதவும் தொகுப்பிகள் வேறு. கணிப்பொறி நிரல்களை எழுதுவோர் இத்தொகுப்பிகளை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர்.

இவற்றுள் ‘ஈமாக்ஸ்’ என்பதன் வரலாறு இப்பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தினர் ‘டெகோ’ என்னும் தொகுப்பியை உபயோகித்து வந்தனர். அதற்குப் புதிய கட்டளைகளை இயற்றிச் சேர்க்க இயலும் என்பதால் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அதை மாற்றிக்கொண்டனர். நாளடைவில், ஒருவர் பண்படுத்திய தொகுப்பியில் மற்றொருவர் அமர்ந்து வேலை செய்வதே அரிதாயிற்று. 1976-ஆம் ஆண்டில் கை ஸ்டீலும் ரிச்சர்டு ஸ்டால்மனும் அக்கட்டளைத் தொகுதிகளை ஒருங்கிணைத்ததிலிருந்து ஈமாக்ஸ் பிறந்தது. எல்லாருக்கும் பொதுவான அடிப்படையும், அதன்மேல் ஒவ்வொருவரும் தமக்கென மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதில் ஒருங்கே அமைந்தன. 1985-ஆம் ஆண்டில் ஸ்டால்மன் வெளியிட்ட ‘க்னூ ஈமாக்ஸ்’ இன்றும் பலராலும் வளர்க்கப்பட்டு, விலையின்றிக் கிடைக்கிறது.

கருவியை மாற்றியமைப்பது நிபுணர்களுக்கே உரிய வித்தை என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் வேண்டுவதில்லை என்பதற்கு ஸ்டால்மனே 2002-ஆம் ஆண்டில் ஆற்றிய ஓர் உரையில் சான்று தருகிறார். பெர்னார்ட் கிரீன்பர்க் என்பவர் ‘மல்டிக்ஸ்’ கணிப்பொறிகளுக்கென ஓர் ஈமாக்ஸை இயற்றினார். அவருடைய அலுவலகத்தின் காரியதரிசிகளும் அதைக் கையாளத் தொடங்கினர். தொகுப்பியை விரிவாக்கும் முறையைக் கூறிய கையேடு ஒன்று அவர்களிடம் இருந்தது. ஆனால் அம்முறைக்கு ‘நிரல் எழுதுதல்’ என்று பெயர் என்பதை அக்கையேடு குறிப்பிடவில்லை. நிரல் எழுதத் தம்மால் இயலாது என்று எண்ணியிருந்த அவர்கள், அச்சமின்றி அதைச் செய்து முடித்தனர். தம் அலுவலின் தேவையை அறிந்தவருக்குக் கருவியைத் திருத்தும் அறிவு தொலைவில் இல்லை என்பதே இதனால் பெறப்படும்.

ஒரு வானியலாளரின் ஏற்பாடு

நிரல் எழுதும் கருவி வேலைக் குறிப்பேடாக மாறியது ஒரு விஞ்ஞானியின் கையால். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், தம் குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்துவதற்காக 2003-ஆம் ஆண்டில் ஈமாக்ஸின் மேல் ஓர் அமைப்பை இயற்றினார். ‘ஆர்க்’ என்பது அதன் பெயர். பின்னர் அது பலருக்கும் பயன்பட்டு, 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ஈமாக்ஸ் 22-இல் ஓர் அங்கமாகவே சேர்க்கப்பட்டது.

அதன் அமைப்பு மிகவும் எளியது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியிட்டால் அது தலைப்பு; இரண்டு இட்டால் உட்தலைப்பு. தலைப்பின் முதற்சொல் வேலையின் நிலையைக் காட்டும். இந்நிலைச் சொற்கள் வழக்கமாக ஆங்கிலத்தில் இருப்பினும், கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு வரியை எழுதி வேறு சொற்களை ஏற்படுத்திக்கொள்ளலாம். மண் ஆராய்ச்சி செய்யும் ஒருவரின் கோப்பு இவ்வாறு அமையக்கூடும்:

* செய்க மண் மாதிரி 14, உலர்த்திய பின் எடை
* காத்திருக்க தராசின் திருத்தச் சான்று
* முடிந்தது மண் மாதிரி 13, எடை 48.2 கிராம்

‘செய்க’ என்பதை ‘முடிந்தது’ என மாற்ற இரு விசைச் சேர்க்கைகள் போதும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் வேண்டிய அளவு குறிப்பு எழுதலாம். தலைப்பை மட்டும் காட்டி மற்றவற்றை மடித்து வைக்கலாம். வேலைக்குக் கெடுநாள் குறித்தால், பல கோப்புகளில் சிதறியிருக்கும் கெடுக்களையெல்லாம் திரட்டி, ஒரு வாரத்தின் நிகழ்ச்சிநிரலாகத் தொகுப்பி காட்டுகிறது. கெடுவிற்கு 14 நாட்களுக்கு முன்பே அது நினைவூட்டத் தொடங்கும். அவ்வெண்ணையும் விரும்பியவாறு மாற்றலாம். கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்பொழுது வேறோர் எண்ணம் தோன்றினால், ஒரு சிறு சாளரத்தைத் திறந்து அதைப் பதிந்துவிட்டு, விட்ட இடத்திற்கே திரும்பலாம். மறதிக்கும் கவனச்சிதறலுக்கும் ஒருசேர மருந்தாகும் ஏற்பாடு இது.

இவற்றிற்கெல்லாம் மேலான நன்மை ஒன்று உண்டு. ஈமாக்ஸே இல்லாமற் போனாலும் மேற்கண்ட மூன்று வரிகளும் எந்தக் கணிப்பொறியிலும் திறக்கும், எவரும் படிக்கலாம். தொகுப்பி தருவது வசதி. குறிப்பு அதனிடம் சிறைப்பட்டிருக்கவில்லை. ‘விம்’ போன்ற பிற தொகுப்பிகளை விரும்புவோரும் இதே கோட்பாட்டைப் பின்பற்றலாம். கருவியின் பெயர் முக்கியமன்று. கருவி அழிந்தாலும் குறிப்பு நிலைத்திருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

தமிழில் குறிப்பெழுதுவோர் இதன் அருமையை நன்கு உணர்வர். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்த காலத்தில் தட்டச்சான பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. 1991-ஆம் ஆண்டில் வெளியான யூனிகோடு முறையின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அம்முறை பரவிய பின்னரே ஓரிடத்தில் எழுதியதை வேறோரிடத்தில் தடையின்றிப் படிக்கும் நிலை ஏற்பட்டது. பொதுவான முறையில், சாதாரண எழுத்தில், சேமித்ததே நிலைக்கும் என்பது அந்த அனுபவம் புகட்டிய பாடம்.

எதிர்வாதங்களும் எல்லைகளும்

இவ்வழியில் குறைகளே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஈமாக்ஸின் விசைக் கட்டளைகளைப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். கைபேசியில் அது ஆயத்தச் செயலிகளைப் போல் இயல்பாக அமைவதில்லை. பலர் ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் திருத்த வேண்டிய அலுவல்களுக்குப் பொதுச் சேவைகளே ஏற்றவை. கோப்புகளுக்குப் பிரதி எடுத்துவைக்கும் பொறுப்பும் எழுதுபவரையே சாரும். வட்டு பழுதானால் பிறரைக் குறைகூற இயலாது. ஆகவே, குறிப்புகளை வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகளாகவேனும் வைத்திருத்தல் இன்றியமையாதது.

இவற்றினும் பெரிய அபாயம் வேறொன்று. கருவியை மாற்றியமைக்கும் உரிமை கிடைத்தவுடன், மாற்றுவதே தொழிலாகிவிடக்கூடும். திரையின் நிறங்களைத் திருத்தவும், புதிய கட்டளைகளைத் தேடவும், வேலைகளை ஏழு வகையாகவும் பின்னர் ஒன்பது வகையாகவும் பிரிக்கவும் நாட்கள் கழியும். குறித்துவைத்த வேலை மட்டும் குறிப்பிலேயே கிடக்கும். அரிவாளைத் தீட்டிக்கொண்டே இருப்பவனுக்குக் கதிர் அறுபடாது. டெகோவின் வரலாறு காட்டுவது போல, எல்லை கடந்த தனித்தன்மை உடன் பணிபுரிவோருக்கும் இடையூறாகும்.

இந்த அபாயத்தைத் தவிர்ப்பது கடினமன்று. முதலில் ஒரே ஒரு கோப்பும் மூன்று நிலைச் சொற்களும் போதும். ஒரு மாதம் அவ்வாறே பழகுக. ஒரே இடையூறு திரும்பத் திரும்ப நேர்ந்தால் மட்டும், அதை நீக்கும் ஒரு மாற்றத்தைச் செய்க. செய்த மாற்றத்தின் காரணத்தை அமைப்புக் கோப்பிலேயே ஒரு வரியில் எழுதிவைக்க. காரணம் எழுத இயலாத மாற்றம் பெரும்பாலும் தேவையற்ற மாற்றமாகவே இருக்கும். பிறர் இணையத்தில் வெளியிட்டுள்ள அமைப்புகளை அப்படியே நகல் செய்வதும் நன்றன்று. அது ஒரு நிறுவனத்தின் அச்சிலிருந்து விடுபட்டு மற்றொருவரின் அச்சுக்குள் புகுவதேயாகும்.

ஆராய்ச்சிக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் புதிதாகச் சேர்வோருக்குத் தராசையும் நுண்ணோக்கியையும் கையாளும் முறை கற்பிக்கப்படுகிறது. அதனோடு, குறிப்புகளைச் சாதாரண எழுத்தில் எழுதவும், ஒரு தொகுப்பியைத் தம் வேலைக்கேற்ப அமைத்துக்கொள்ளவும், பிரதிகளைப் பாதுகாக்கவும் ஒரு வாரப் பயிற்சி அளித்தல் தகும். இதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த சாதனமோ வேண்டியதில்லை. இன்று பதிவாகும் ஓர் அளவீடு இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொருவருக்குத் தேவைப்படலாம். அன்று அதை எழுதிய கருவி வழக்கொழிந்து போயிருக்கலாம். எழுதியவரும் ஓய்வு பெற்றிருக்கலாம். அந்த அளவீட்டைத் தேடி வருபவருக்கு அது படிக்கும் நிலையில் கிடைக்குமா என்பது, இன்று அதை எவ்வாறு எழுதி வைக்கின்றனர் என்பதையே பொறுத்தது.